புள்ளி ஒன்று ஆறு

யார் நம்பர் ஒன்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் நூற்றாண்டு வழக்கு – பகுதி 8

1998 ஜனவரியில் மிஷிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்கொரு பட்டத்தோடு ஊர் திரும்பியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) நடத்தும் பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் மிஷிகன் முதலிடம். பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பில் நெப்ராஸ்கா முதலிடம். இரண்டு அணிகளும் அந்த சீசனில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. நேருக்கு நேர் மோதவும் இல்லை. மிஷிகன் சேர்ந்த பிக் டென் பிரிவின் (பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) சாம்பியன், புத்தாண்டன்று கலிஃபோர்னியாவில் நடக்கும் ரோஸ் பௌல் என்ற அழைப்பு ஆட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்பது 1940களில் எழுதப்பட்ட ஒப்பந்தம். மிஷிகன் அங்கே போனது. நெப்ராஸ்கா ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு பௌலுக்குப் போனது. நடுவே ஒரு கண்டம் அளவு தூரம்.

தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எறிந்து, எதிராளியை மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பால். உடம்பு தாங்காது என்பதால் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். அன்று சீசன் முழுக்கப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினான்கு. முதல் தரத்தில் ஆடியவையோ ஏறத்தாழ 120 பல்கலைக்கழகங்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது நடக்காத காரியம். கூடைப்பந்துக்கு நாக்-அவுட் நடத்திச் சாம்பியனை அறிவிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஃபுட்பாலின் இந்த உயர்ந்த தரத்துக்கு மட்டும் சாம்பியன் பட்டம் என்று ஒன்றை வைத்ததே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வாக்கெடுப்புகள் வந்து உட்கார்ந்தன. பத்திரிகையாளர்கள் 1936 முதல் வாக்களிக்கிறார்கள். பயிற்சியாளர்கள் 1950 முதல்.

இரண்டு நாற்காலிகளையும் ஒன்றாக்கும் வேலையை எடுத்துக்கொண்டவர் ராய் கிரேமர். தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. பிரிவுக்கு அப்போது ஆணையர். ரோஸ் பௌலையும் அதை விட்டு அசையாத பிக் டென், பேக்-10 பிரிவுகளையும் பேசிச் சம்மதிக்க வைத்து, 1998 சீசனில் பௌல் சாம்பியன்ஷிப் சீரிஸ் என்ற ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சுருக்கமாக பி.சி.எஸ். சீசன் முடிந்ததும் ஒரு தரவரிசை, அதில் முதல் இரண்டு அணிகளுக்கு ஒரே ஓர் ஆட்டம், வென்றவர் சாம்பியன். ரோஸ், ஆரஞ்சு, சுகர், ஃபீயஸ்டா ஆகிய நான்கு பௌல்களும் முறைவைத்து அந்த ஆட்டத்தை நடத்தும்.

அந்த முதல் இரண்டை யார் சொல்வது? இங்கேதான் கிரேமர் கணினியை அழைத்தார்.

வாக்களிப்பவர்களுக்கு ஊர்ப்பாசம் உண்டு. சனிக்கிழமை கிழக்கு நேரப்படி இரவு பத்து மணிக்கு மேற்குக் கரையில் தொடங்கும் ஆட்டத்தைக் கிழக்கில் இருக்கும் நிருபர் பார்க்காமலே தூங்கிவிடுவார். பயிற்சியாளருக்குத் தன் ஆட்டத்தை விட்டால் எதிராளியின் ஆட்டம்தான் தெரியும். மற்ற நூற்றுச் சொச்சம் அணிகளை அவர் எப்போது பார்ப்பது? பெயருக்கும் தோலுக்கும் மயங்காத ஒரு நடுவர் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆகவே சூத்திரத்தில் நான்கு சரக்குகள் சேர்ந்தன. இரண்டு வாக்கெடுப்புகளிலும் ஓர் அணி வகிக்கும் இடத்தின் சராசரி, கணினித் தரவரிசைகளின் சராசரி, எதிர்த்து ஆடிய அணிகள் எவ்வளவு வலுவானவை என்ற கணக்கு, தோல்விகளின் எண்ணிக்கை. நான்கையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்ந்த இடம்.

முதல் வருடம் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. 1998 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் யூ.சி.எல்.ஏ.வும் கன்சாஸ் ஸ்டேட்டும் கடைசி ஆட்டத்தில் தோற்று விலக, பெரிய பிரிவுகளில் தோல்வி காணாத அணியாக டெனஸ்ஸி மட்டும் எஞ்சியது. அது ஃப்ளோரிடா ஸ்டேட்டை 23-16 என்று வென்றது. அடிபட்டது கன்சாஸ் ஸ்டேட்தான். தரவரிசையில் மூன்றாவதாக இருந்தும் நான்கு பெரிய பௌல்களில் ஒன்றுகூட அதை அழைக்கவில்லை. மறுவருடமே மூன்றாவது அணிக்கும் இடம் உறுதி என்று விதி திருத்தப்பட்டது. நடந்த சண்டைக்கு மறுவருடம் விதி எழுதும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. கன்சாஸ் ஸ்டேட் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து அது திரும்பி வரும்.

1999-இல் பிரச்சினை இல்லை. 2000-இல் வந்தது.

அந்த வருடம் ஒக்லஹோமா தோல்வியே காணாமல் முதலிடத்தில் இருந்தது. எதிராளி யார்? ஃப்ளோரிடா ஸ்டேட், மயாமி, வாஷிங்டன் மூன்றும் ஒவ்வோர் ஆட்டம் தோற்றிருந்தன. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் அந்த ஒரு தோல்வி மயாமியிடம், 27-24. மயாமியின் அந்த ஒரு தோல்வி வாஷிங்டனிடம், 34-29. எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இந்த வழக்கு சுலபமாகத் தீர்ந்திருக்கும். இரு வாக்கெடுப்புகளிலும் மயாமிதான் இரண்டாமிடம். சூத்திரமோ 0.32 வித்தியாசத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை எடுத்துக்கொண்டது. காரணம் கணினிகள். ஃப்ளோரிடா ஸ்டேட் தன் எதிராளிகளைப் பெரிய பெரிய வித்தியாசத்தில் நொறுக்கியிருந்தது. அப்போதைய கணினி நிரல்கள் பல, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதையும் எண்ணின. இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் தாக்குதல் வரிசை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஒக்லஹோமா செய்த தவறால் கிடைத்த 2 புள்ளிகளே அதன் மொத்தக் கணக்கு. 13-2.

உடனே ஒரு திருத்தம். வலுவான அணியை வீழ்த்தியவர்களுக்குக் கூட்டுத்தொகையில் தள்ளுபடி தரும் 'தரமான வெற்றி' என்ற சலுகை ஐந்தாவது சரக்காகச் சேர்ந்தது. மயாமிக்கு நேர்ந்தது இனி நேராது என்றார்கள். நேரவில்லைதான். 2001-இல் வேறொன்று நேர்ந்தது.

நவம்பர் 23, நன்றியறிதல் நாளுக்கு மறுநாள். அதுவரை தோற்காத நெப்ராஸ்கா, கொலராடோவின் மைதானத்தில் 62-36 என்று சிதைந்தது. அந்தத் தோல்வியால் தன் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கே நெப்ராஸ்கா போக முடியவில்லை. கொலராடோ போய், டெக்சாஸை வென்று பிரிவுச் சாம்பியன் ஆனது. நெப்ராஸ்கா வீட்டில் உட்கார்ந்திருந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் மற்ற போட்டியாளர்கள் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். டிசம்பர் 9 அன்று பட்டியல் வந்தபோது மயாமி 2.62 உடன் முதலிடம். இரண்டாமிடத்தில் 7.23 உடன் நெப்ராஸ்கா! கொலராடோ 7.28. இரண்டு வாக்கெடுப்புகளிலும் இரண்டாமிடம் பெற்றிருந்த ஓரிகன் 8.67 உடன் நான்காமிடத்தில்.

தன் பிரிவிலேயே முதலாவதாக வராத அணி எப்படி நாட்டின் முதலாவது அணியாகும் என்று கேட்டவர்களுக்குச் சூத்திரத்திடம் பதில் இல்லை. அது அந்தக் கேள்வியைக் கேட்கும்படி எழுதப்படவே இல்லை. சூத்திரத்தை எழுதியவர்கள் 'எல்லா ஆட்டங்களும் ஒரே எடை' என்று வைத்தார்கள். ரசிகனுக்கோ நவம்பர் தோல்வி வேறு, செப்டம்பர் தோல்வி வேறு. ரோஸ் பௌலில் மயாமி முதல் பாதியிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டு 37-14 என்று வென்றது. ஓரிகன், கொலராடோவை 38-16 என்று உதைத்துத் தன் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டது.

இந்தத் தடவை கத்தி கணினிகளின் மீதே விழுந்தது. புள்ளி வித்தியாசத்தை இனி யாரும் எண்ணக் கூடாது என்று பி.சி.எஸ். உத்தரவிட்டது. பலவீனமான எதிராளியை 70-0 என்று அவமானப்படுத்தும் கலாசாரத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது வெளியே சொன்ன காரணம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 3 புள்ளியில் வென்றதையும் 40 புள்ளியில் வென்றதையும் ஒன்றாகப் பார்க்கும் கணினி, இருக்கிற தகவலில் பாதியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு விடுகிறது. ஜெஃப் சகாரின் என்பவரின் கதை இதைச் சொல்லும். எம்.ஐ.டி.யில் கணிதம் படித்த அவர் இந்தியானாவில் இருந்தபடி யு.எஸ்.ஏ. டுடே நாளிதழுக்குப் பல வருடங்களாகத் தரவரிசை தயாரித்துவந்தார். உத்தரவுக்குப் பிறகு அவர் இரண்டு பட்டியல்களை அருகருகே வெளியிட்டார். ஒன்று, வெற்றி தோல்வியை மட்டும் பார்க்கும் 'ஈலோ செஸ்' பட்டியல். ஆம், சென்னையில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுக்கொள்ளும் அதே ஈலோ. பி.சி.எஸ். எடுத்துக்கொண்டது இதைத்தான். மற்றது, புள்ளி வித்தியாசத்தையும் சேர்த்த பட்டியல். அடுத்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்று ஊகிக்க இரண்டாவதுதான் சிறந்தது என்று அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவந்தார்.

அதாவது, நடுவர் சொன்ன தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் நடுவரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

இனி 2003.

அந்த வருடம் ஒக்லஹோமாவைப் பற்றி எழுதிய எல்லோரும் வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று என்ற தொனியில் எழுதினார்கள். பன்னிரண்டு ஆட்டங்களில் பன்னிரண்டு வெற்றி. சீசன் முழுக்க முதலிடம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜேசன் வைட், அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையைப் பின்னர் வாங்கியவர். டிசம்பர் 6 சனிக்கிழமை, கன்சாஸ் சிட்டியில் பிக் 12 பிரிவின் இறுதி ஆட்டம். எதிரே கன்சாஸ் ஸ்டேட். ஒக்லஹோமா முதலில் 7 புள்ளி எடுத்தது. பிறகு ஆட்டம் முடியும்வரை ஒன்றும் எடுக்கவில்லை. டேரன் ஸ்ப்ரோல்ஸ் என்ற குள்ளமான ஓட்டக்காரர் பந்தைச் சுமந்து 235 கெஜம் ஓடினார். 35-7.

அதே நாளில் மேற்குக் கரையில் யூ.எஸ்.சி. எனப்படும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், ஓரிகன் ஸ்டேட்டை 52-28 என்று வென்றது. எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தில் எல்.எஸ்.யு. எனும் லூயிசியானா ஸ்டேட், ஜார்ஜியாவை 34-13 என்று முடித்தது. இப்போது மூன்று அணிகள். மூன்றுக்கும் தலா ஒரு தோல்வி. யூ.எஸ்.சி. தோற்றது செப்டம்பரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம், மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி, 34-31. எல்.எஸ்.யு. தோற்றது அக்டோபரில் ஃப்ளோரிடாவிடம், 19-7. ஒக்லஹோமா தோற்றது நேற்று.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்புகள் வந்தன. இரண்டிலும் யூ.எஸ்.சி. முதலிடம், எல்.எஸ்.யு. இரண்டு, ஒக்லஹோமா மூன்று. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் அபூர்வமாக ஒரே குரலில் பேசினார்கள். பிறகு சூத்திரம் வந்தது. பலர் இதைப் புதிர் என்றே நினைத்ததால், கூட்டலை இங்கே முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒக்லஹோமா: வாக்கெடுப்புச் சராசரி 3, கணினிச் சராசரி 1.17, எதிராளிகளின் வலு நாட்டில் 11-ஆம் இடம், அதை 25-ஆல் வகுத்தால் 0.44, தோல்வி 1, டெக்சாஸை வீழ்த்தியதற்குத் தள்ளுபடி 0.5. மொத்தம் 5.11. முதலிடம்.

எல்.எஸ்.யு.: வாக்கு 2, கணினி 1.83, எதிராளிகளின் வலுவில் 29-ஆம் இடம், எனவே 1.16, தோல்வி 1. மொத்தம் 5.99. இரண்டாமிடம்.

யூ.எஸ்.சி.: வாக்கு 1, கணினி 2.67, எதிராளிகளின் வலுவில் 37-ஆம் இடம், எனவே 1.48, தோல்வி 1. மொத்தம் 6.15. மூன்றாமிடம், வெளியே.

வித்தியாசம் 0.16. எதிராளிகளின் வலுவில் 37-க்குப் பதில் 32-ஆம் இடம் கிடைத்திருந்தால் போதும், யூ.எஸ்.சி. உள்ளே போயிருக்கும். அந்த வலுக் கணக்கு கடைசி நாள்வரை ஆடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை இரவு, நாட்டின் மற்ற ஆட்டங்கள் முடிந்த பிறகு, ஹவாயில் ஹவாய்க்கும் பாய்சி ஸ்டேட்டுக்கும் ஓர் ஆட்டம் நடந்தது. யூ.எஸ்.சி. அந்த சீசனில் ஹவாயை எதிர்த்து ஆடியிருந்ததால் ஹவாயின் ஒவ்வொரு தோல்வியும் யூ.எஸ்.சி.யின் கணக்கைக் கீழே இழுக்கும். ஹவாய் தோற்றது. நாடே முதலிடம் என்று சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் அணியின் தலையெழுத்து, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், அவர்கள் ஆடாத ஓர் ஆட்டத்தாலும் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. சூத்திரத்தின் தரப்பில் நின்று பார்த்தால் இதில் தவறே இல்லை. யாரை வென்றாய் என்று கேட்டால், நீ வென்றவன் எப்படிப்பட்டவன் என்றும் கேட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் விளக்க முடியாது.

சுகர் பௌலில் எல்.எஸ்.யு., ஒக்லஹோமாவை 21-14 என்று வென்றது. யூ.எஸ்.சி. அதற்கு மூன்று நாள் முன்பே ரோஸ் பௌலில் மிஷிகனை 28-14 என்று வென்றிருந்தது. இப்போது இன்னொரு விநோதம். பி.சி.எஸ். இறுதி ஆட்டத்தில் வெல்பவருக்கே முதல் வாக்கைப் போட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் முன்கூட்டியே ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்தார்கள். முடிவு தெரிந்த தேர்தல். 63 பேரில் 60 பேர் எல்.எஸ்.யு.வுக்குப் போட்டார்கள். மூவர் மீறி யூ.எஸ்.சி.க்குப் போட்டார்கள்: சௌத் கரோலினாவின் லூ ஹோல்ட்ஸ், இல்லினாயின் ரான் டர்னர், மூன்றாவதாக ஓரிகனின் மைக் பெலோட்டி. 2001-இல் இரு வாக்கெடுப்பிலும் இரண்டாமிடம் வந்தும் கணினியால் வெளியே தள்ளப்பட்ட அணியின் பயிற்சியாளர் இவர்தான். பத்திரிகையாளர்களுக்கு அப்படிக் கட்டு எதுவும் இல்லை. அவர்களில் 48 பேர் யூ.எஸ்.சி.க்கும் 17 பேர் எல்.எஸ்.யு.வுக்கும் முதல் வாக்கு அளித்தார்கள்.

பட்டம் மறுபடி இரண்டாக உடைந்தது. எதைத் தடுக்க ஆறு வருடம் முன்பு பி.சி.எஸ். தொடங்கப்பட்டதோ அதுவே நடந்தது. எல்.எஸ்.யு.வின் ஊரான பாட்டன் ரூஜில் ஒரு ஊர்வலம், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கொண்டாட்டம்.

அந்த டிசம்பரில் திட்டு வாங்கியவை கணினிகள்தான். உண்மையில் அவை செய்த தவறு என்ன? ஒக்லஹோமா பதின்மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டை வென்றது, கடினமான அட்டவணையில் வென்றது என்றன. அது பொய்யில்லை. தோல்வி எப்போது வந்தது என்று பார்க்காதே, எவ்வளவு மோசமாக வந்தது என்று பார்க்காதே என்று உத்தரவிட்டது மனிதர்கள். 28 புள்ளி வித்தியாசத்தை எண்ண அனுமதி இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை ஒக்லஹோமாவுக்கு அதிகமாகவே வலித்திருக்கும். 2001 சண்டைக்குப் போட்ட மருந்து 2003-இன் நோயை வளர்த்தது.

ஆனால் பாடம் வேறு மாதிரி படிக்கப்பட்டது. 2004-க்குச் சூத்திரத்தை அடியோடு மாற்றினார்கள். எதிராளிகளின் வலு என்ற தனிக் கணக்கு போயிற்று. தோல்வி எண்ணிக்கை போயிற்று. தரமான வெற்றித் தள்ளுபடி போயிற்று. மூன்றில் ஒரு பங்கு பத்திரிகையாளர் வாக்கு, மூன்றில் ஒரு பங்கு பயிற்சியாளர் வாக்கு, மிச்சம் மூன்றில் ஒரு பங்கு ஆறு கணினிகளுக்கு. அதிலும் ஒவ்வோர் அணிக்கும் மிக உயர்ந்த கணினி மதிப்பும் மிகத் தாழ்ந்த மதிப்பும் வெட்டப்படும். வாக்கெடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சொன்னால் கணினி எதிர்த்துப் பேச இடம் மிகக் குறைவு. இந்தச் சூத்திரம் 2003-இல் இருந்திருந்தால் யூ.எஸ்.சி. உள்ளே இருந்திருக்கும். அதற்காகவே தைத்த சட்டை அது.

2004-இல் யூ.எஸ்.சி., ஒக்லஹோமா, ஆபர்ன் என்று பெரிய பிரிவுகளின் மூன்று அணிகள் தோல்வியே காணாமல் முடித்தன.

மூன்று அணிக்கு இரண்டு நாற்காலி என்றால் எந்தச் சூத்திரமும் அழும். ஆயினும் ஆபர்ன் ஏன் வெளியே நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். சீசன் தொடங்கும் முன், ஒரு பந்துகூட எறியப்படாத ஆகஸ்டில் ஏ.பி. வெளியிட்ட பட்டியலில் யூ.எஸ்.சி. ஒன்று, ஒக்லஹோமா இரண்டு, ஆபர்ன் பதினேழு. முதல் இரண்டு அணிகளும் தோற்காதவரை அவற்றை இறக்க வாக்காளருக்குக் காரணம் இல்லை. பதினேழிலிருந்து ஏறி வந்த ஆபர்ன் மூன்றாம் படியில் முட்டி நின்றது. ஆபர்ன் செய்த குற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அட்டவணையில் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த த சிடடெல் என்ற ராணுவக் கல்லூரி இருந்ததைச் சொல்லலாம். மற்றபடி அதைத் தோற்கடித்தது ஆகஸ்டு மாத ஊகம்தான். ஆபர்ன் சுகர் பௌலை வென்று 13-0 என்று முடித்தது. யூ.எஸ்.சி., ஒக்லஹோமாவை 55-19 என்று துவைத்தது. அந்தப் பட்டத்தையும் வீரர் ஒருவர் விதி மீறிப் பணப் பலன் பெற்ற விவகாரத்தில் 2011-இல் பி.சி.எஸ். திரும்ப எடுத்துக்கொண்டது, அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

அதே 2004-இல் இன்னொரு மூலையிலும் புகை. ரோஸ் பௌல் இடத்துக்கு கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் போட்டி. டெக்சாஸ் பயிற்சியாளர் மேக் ப்ரௌன், ஆட்டம் முடிந்த கையோடு தொலைக்காட்சியில் வாக்காளர்களிடம் நேரடியாக ஆதரவு கேட்டார். ரசிகர்களின் மின்னஞ்சல்கள் நிருபர்களின் பெட்டியை நிறைத்தன. கடைசி ஆட்டத்தை வென்ற பிறகும் கலிஃபோர்னியாவின் வாக்கு கரைந்தது, டெக்சாஸ் முந்தியது. செய்தி எழுத வேண்டியவர்கள் செய்தியாகிவிட்டோம் என்று ஏ.பி.க்கு உறைத்தது. டிசம்பர் முடிவதற்குள், எங்கள் பட்டியலை இனி உங்கள் சூத்திரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று பி.சி.எஸ்.ஸுக்குக் கடிதம் போயிற்று. 1936 முதல் சாம்பியனைச் சொல்லிவந்த வாக்கெடுப்பு, சாம்பியனைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டிலிருந்து தானே வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப, முன்னாள் வீரர்கள், நிர்வாகிகள், ஊடகக்காரர்கள் என்று 114 பேரைச் சேர்த்து ஹாரிஸ் நிறுவனம் ஒரு வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கியது.

அந்த ஆறு கணினிகளின் பின்னால் இருந்தவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டது தவறு; தனித் தொடரே எழுதலாம். சகாரினைப் பார்த்தாயிற்று. பீட்டர் வுல்ஃப், லாஸ் ஏஞ்சலஸில் தொற்றுநோய் மருத்துவர். கென்னத் மாஸி, கல்லூரி மாணவனாகப் பாடத்துக்குச் செய்த திட்டத்தைத் தரவரிசையாக வளர்த்தவர். ஆண்டர்சன்-ஹெஸ்டர் இரட்டையர். ஒக்லஹோமாவைச் சேர்ந்த ரிச்சர்ட் பில்லிங்ஸ்லி, தாம் கணிதக்காரர் அல்ல என்று தாமே சொல்லிக்கொண்டவர். வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற வெஸ் காலி. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஒரு ஏற்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு, இவர்கள் ஞாயிறு காலையில் அனுப்பும் பட்டியல்களில் இருந்தது. ஆறு பேரில் தம் சூத்திரத்தை முழுமையாக வெளியிட்டவர் காலி மட்டுமே. மற்றவர்கள் கணக்கைச் சரிபார்க்க வெளியே யாருக்கும் வழியில்லை.

அந்தத் திறந்த சூத்திரமே 2010-இல் ஒரு பிழையைக் காட்டிக்கொடுத்தது. பட்டியல் வெளியான மறுநாள், தரவரிசைகளைத் தொழில்போல் ஆராயும் ஜெர்ரி பாம் என்பவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார், இடித்தது. கீழ்ப்பிரிவில் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கும் வெஸ்டர்ன் இல்லினாய்க்கும் நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவு காலியின் தரவில் விடுபட்டிருந்தது. சேர்த்ததும் பத்தாம் இடத்தில் இருந்த எல்.எஸ்.யு. பதினொன்றுக்கு இறங்கியது, பாய்சி ஸ்டேட் பத்துக்கு ஏறியது. இந்தத் தடவை இறுதி ஆட்டத்துக்குச் சேதமில்லை. ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அப்படி நடந்திருந்தால்? மூடிய ஐந்து பெட்டிகளில் அப்படி நடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பேஸ்பால் புள்ளியியலின் பிதாமகரான பில் ஜேம்ஸ் இதற்கு முந்தைய வருடமே, சுயமரியாதை உள்ள கணக்காளர்கள் இந்த ஏற்பாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கணினியின் பேரில் பழி, கணினிக்கு அனுமதி மறுப்பு என்ற இரட்டை ஆட்டம் அவருக்குப் புரிந்திருந்தது.

வெளியே அரசியலும் சேர்ந்தது. ஆறு பெரிய பிரிவுகளின் சாம்பியன்களுக்குப் பெரிய பௌலில் இடம் உறுதி. மற்றவர்கள் தோற்காமல் வந்தாலும் வாசலில் நிற்க வேண்டும். யூட்டா 2008-இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று, சுகர் பௌலில் அலபாமாவை 31-17 என்று சாய்த்தும் பட்டத்தின் பக்கத்தில் வர முடியவில்லை. ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் விசாரிப்போம் என்றார் அம்மாநில அட்டர்னி ஜெனரல். யூட்டாவின் செனட்டர் ஓரின் ஹாட்ச் 2009-இல் செனட் விசாரணையே கூட்டினார். அதிபராகத் தேர்வாகிச் சில நாட்களே ஆகியிருந்த ஒபாமா, தொலைக்காட்சிப் பேட்டியில் எட்டு அணி நாக்-அவுட் வேண்டும் என்று சொன்னார். பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த 2008 நவம்பர் அது. பேட்டியில் இதற்கும் நேரம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் முடித்து வைத்தது 2011.

நவம்பர் 5 அன்று முதலிடத்து எல்.எஸ்.யு.வும் இரண்டாமிடத்து அலபாமாவும் மோதின. கூடுதல் நேரத்தில் எல்.எஸ்.யு. 9-6 என்று வென்றது. இருவரும் எஸ்.இ.சி.யின் ஒரே பகுதியில் இருப்பவர்கள். ஆகவே அலபாமாவுக்குப் பிரிவின் இறுதி ஆட்டம்கூட இல்லை. மறுபுறம் ஒக்லஹோமா ஸ்டேட் ஓர் ஆட்டம் மட்டும் தோற்று பிக் 12 பட்டத்தை வென்றிருந்தது. அந்த ஒரு தோல்வி நவம்பர் 18 இரவு, ஐயோவா ஸ்டேட்டிடம், இரண்டு கூடுதல் நேரங்களில். அதற்கு முந்தைய நாள்தான் ஒக்லஹோமா ஸ்டேட்டின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் இருவர் விமான விபத்தில் இறந்திருந்தார்கள்.

கணினிகள் ஒக்லஹோமா ஸ்டேட்டை இரண்டாமிடத்தில் வைத்தன. இரண்டு வாக்கெடுப்புகளும் அலபாமாவை வைத்தன. இறுதிக் கணக்கு: அலபாமா 0.9419, ஒக்லஹோமா ஸ்டேட் 0.9333. ஒருமுறை தோற்ற அணியிடமே மறுபடி ஆட அலபாமா நியூ ஆர்லியன்ஸ் போய் 21-0 என்று வென்றது. தன் பிரிவையே வெல்லாத அணி இறுதிக்கு வரலாமா என்ற 2001-இன் கேள்வி பத்து வருடம் கழித்துத் திரும்பியது. அப்போது அப்படிப்பட்ட அணியை உள்ளே கொண்டுவந்தவை கணினிகள். நாடே அவற்றைத் திட்டியது. இப்போது கொண்டுவந்தவர்கள் வாக்காளர்கள். கணினிகள் வேண்டாம் என்றுதான் சொன்னன. நாடு இம்முறையும் பி.சி.எஸ்.ஸைத் திட்டியது. சூத்திரம் என்ற சொல்லே கெட்ட வார்த்தையாகிவிட்டிருந்தது.

அது மட்டுமல்ல, இறுதி ஆட்டத்தின் இரு அணிகளும் ஒரே பிரிவு. நாட்டின் மற்றப் பிரிவுகளின் ஆணையர்களுக்கு இதில் வருமானமும் இல்லை, மரியாதையும் இல்லை. நாக்-அவுட்டைப் பல வருடம் தள்ளிப்போட்டவர்களே அதைக் கேட்டு மேசைக்கு வந்தார்கள். 2012 ஜூன் 26 அன்று வாஷிங்டனில் பல்கலைக்கழகத் தலைவர்கள் பன்னிரண்டு பேர் கூடி ஒப்புதல் தந்தார்கள். 2014 சீசன் முதல் நான்கு அணிகள், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கப்போவது பயிற்சியாளர் வாக்கெடுப்பும் இல்லை, ஹாரிஸும் இல்லை, ஆறு கணினிகளும் இல்லை. ஓர் அறையில் மேசையைச் சுற்றி உட்காரும் குழு.

அந்தக் குழுவில் முன்னாள் வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸும் இருந்தார். முதல் வருடமே, டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்றது. மறுநாள் குழு அதை மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறக்கியது. அது அடுத்த இதழில்.